மஞ்சூர் பஸ்ஸும் ஒரு சம்மதக் கடிதமும்

நீலகிரிக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் என்னிடமிருந்து ஒரு பொருள் பறிமுதல் செய்யப்பட்டது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். சோதனைச் சாவடியில் பச்சைச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் பஸ்ஸுக்குள் ஏறி, "பிளாஸ்டிக் தடைங்க, எடுத்துக் குடுத்துருங்க" என்றார். கொடுத்தேன். பறிமுதலுக்கு ரசீது உண்டா என்று கேட்டேன்.

"பாட்டிலுக்கு ரசீதுங்களா?" என்றார். பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பறிமுதல் என்றால் ரசீது என்பது என் ரத்தத்தில் ஊறியது.

என்னை வரவழைத்தவர் ஸ்டெல்லா. திருச்சியில் என் கீழ் வேலை பார்த்தவர்; எழுதிய குறிப்புகளை நான் மூன்று முறை திருப்பி அனுப்பியும் அழாத ஒரே ஊழியர். இப்போது குன்னூரில் ஒரு சிறிய தொண்டு அமைப்பை நடத்துகிறார். ஆண் பிள்ளைகளுக்காக. மலைக்கு வரும் சில பெரிய மனிதர்களிடம் சிக்கிக்கொள்ளக்கூடிய பையன்களைத் தேடிப்போய்ப் பழகி, துணைக்கு நிற்கிற வேலை. பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்கு ஆள் வருகிறார்களாம். "கோப்பெல்லாம் ஒரு தடவை பாத்துக் குடுங்க சார். அஞ்சே நாள்" என்றார். அழைத்தால் போய்விடுவது ஓய்வு பெற்றவர்களின் பலவீனம்.

இதில் நான் எழுதப்போகும் பையனின் பெயரும் அவன் தாயின் பெயரும் என் கற்பனை. குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் வெளியிட்டிருக்க மாட்டேன், ஊர் சின்னது.

முதல் நாள் குளிரிலேயே போனது. திருச்சியில் வெயிலைத் திட்டிக்கொண்டே அறுபத்து மூன்று வயது வரை வந்துவிட்ட எனக்கு, காலை பத்து மணிக்குக் கை விறைப்பது அவமானமாக இருந்தது. கல்யாணத்துக்கு மாமனார் வாங்கித் தந்த ஸ்வெட்டர் இப்போதுதான் முதல் முறையாகப் பயன்பட்டது. பொத்தான் போட முடியவில்லை. விடுதிக்குக் கீழே பேக்கரியில் வர்க்கி வாங்கினேன். வாயில் போட்டால் பொரபொரவென்று உடைகிறது, சட்டையில் பாதி கொட்டுகிறது. அருமையான பண்டம். டீயைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சுற்றிலும் தேயிலை, நடுவில் குடிக்கக் கிடைப்பது மண்ணாங்கட்டி நிறத்தில் ஒரு திரவம். "நல்ல இலையெல்லாம் வெளியூர் போயிருமுங்க, கூட்டி அள்ளுனதுதான் நமக்கு" என்றார் கடைக்காரர், வெகு சாதாரணமாக.

மத்தியானம் ஸ்டெல்லாவின் கோப்புகளைத் திறந்தேன். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு மஞ்சள் அட்டை. 'காரணம்' என்ற இடத்தில் எல்லா அட்டையிலும் ஒரே வார்த்தை: இடைநிற்றல். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பவனுக்கும் இடைநிற்றல்தான்.

"என்ன இது?" என்றேன்.

"ஆம்பளப் பையனுக்கு நிஜமான காரணத்தை எழுதினா வீட்டுல செருப்பால அடிப்பாங்க சார். எங்களையும் சேத்து. அதனால அட்டையில இடைநிற்றல். விஷயமெல்லாம் ரஃபீக் மண்டையில இருக்கு."

ரஃபீக் கதவோரம் நின்றிருந்தான். முப்பது வயது இருக்கும். குன்னூர் பஜாரில் அவனுடைய வாப்பா குடை பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். கையில் நோட்டில்லை, பையில் பேனா இல்லை. என் அலுவலகத்தில் இப்படி ஒருவன் இருந்திருந்தால் முதல் வாரமே குறிப்பாணை கொடுத்திருப்பேன்.

"மண்டையில் இருப்பதற்குப் பெயர் பதிவேடு அல்ல" என்றேன்.

"சரிங்க சார். நாளைக்கு எங்கூட பஸ்ல வாங்க, மண்டையக் காட்டறேன்" என்றான்.

இரண்டாம் நாள் மஞ்சூர் பஸ். எல்லா மலைகளிலும் வளைவு உண்டு. இந்தச் சாலையில் வளைவுகளுக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் சாலை உண்டு. ரஃபீக்கின் அலுவலகம் அந்தப் பஸ்ஸின் கடைசி வரிசை. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, வாரம் ஆறு நாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள், போவதாகச் சொல்லிவிட்டு வேறெங்காவது போகிறவர்கள், காட்டேஜ்களில் எடுபிடி வேலை செய்கிறவர்கள் என்று பையன்கள் எல்லாரும் அங்கேதான் அடைகிறார்கள்.

"ஆபீசுக்குக் கூப்புட்டா செவுத்தப் பாத்துட்டு உக்காந்துருவானுங்க சார். பஸ்ல ஜன்னல் இருக்குது. வெளிய பாத்துட்டே எல்லாத்தையும் சொல்லிருவானுங்க" என்றான் ரஃபீக். அவனுக்குச் சில விதிகள் இருந்தன. எதிரே உட்காரக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது. பையன் இறங்குகிற நிறுத்தத்தில் கூடவே இறங்கக் கூடாது. எழுதி வைக்கப்படாத விதிகளை நான் மதிப்பதில்லை என்றாலும் கேட்டுக்கொண்டேன்.

விதிகளைச் சோதிக்க எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. மூன்றாவது வளைவிலேயே காலை தின்ற வர்க்கி மேலே வரத் தொடங்கியது.

"டேய் டாக்டர், கேஸ் ஒண்ணு வந்துருக்குது!" என்று ஒருவன் கத்தினான்.

டாக்டர் என்று அழைக்கப்பட்டவனுக்குப் பதினைந்து வயது இருக்கும். ஒல்லி. காலில் பளீரென்று வெள்ளை ஷூ. பையிலிருந்து அரை எலுமிச்சம்பழத்தை எடுத்து என் மூக்கருகே நீட்டினான். மற்றொரு கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"பிளாஸ்டிக் இங்கே தடை செய்யப்பட்டதாயிற்றே" என்றேன். அந்த நிலையிலும் சொன்னேன்.

"அப்பத் தொப்பியில எடுங்க சார்" என்றான், என் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் காட்டி.

பின்வரிசை முழுக்கச் சிரித்தது. பையை வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆடும் பஸ்ஸில் முன்னால் கூட்டிப்போய், ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் இருந்த ஒரு மீசைக்காரரை எழுப்பி என்னை உட்கார வைத்தான். "ரோட்டயே பாருங்க. பொஸ்தகம் படிக்காதீங்க. யாருகூடவும் பேசாதீங்க." நல்ல மருத்துவர். அந்தத் தடத்தில் வெளியூர்க்காரர்கள் எல்லாருக்கும் அவன்தான் வைத்தியமாம்.

மஞ்சூரில் இறங்கி, ரொட்டிக் கடை வாசலில் தலைசுற்றல் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தோம். ரஃபீக் சொன்னான்: "டாக்டர் காலப் பாத்தீங்களா? புது ஷூ. போன மாசம் புது போன். சனி ஞாயிறு ஒரு காட்டேஜுல கேம்ப் ஃபயர் மூட்டப் போறான். அங்க அடிக்கடி ஒருத்தரு வந்து தங்கறாரு. குடும்பமில்லாம, தனியா. பசங்க அங்கிள்னு கூப்புடறாங்க. அவரு வாங்கிக் குடுத்தது."

"நல்லவராக இருக்கலாம்."

"இருக்கலாமுங்க. மொதல்ல போன் வரும். அப்புறம் ஷூ. அப்புறம் போட்டோ எடுப்பாங்க. அப்புறம் அந்தப் போட்டோவ வெச்சு மெரட்டுவாங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு பசங்களுக்கு அப்படித்தான் ஆச்சு."

மேற்கொண்டு அவன் சொன்னதை எழுதப் போவதில்லை. ஆண் பிள்ளைகளுக்கும் அது நடக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். கேட்பவர்களில் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர் சிரிக்கிறார்கள்.

மூன்றாம் நாளும் அதே பஸ். வழியில் ஒரு நிறுத்தத்தில் என்னை இறக்கி, டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, ரஃபீக் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனான். கோப்பு ஒன்று மடியில், பேனா இரண்டு சட்டைப் பையில். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் அந்தக் கோலத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் யாராவது மனு எழுதக் கேட்டு வருவார்கள். ஏழாவது நிமிடத்தில் வந்தார் ஓர் அம்மா. இலை பறிக்கும் வேலையிலிருந்து வந்திருந்தார். இடுப்பில் கட்டிய தார்ப்பாய்த் துண்டு ஈரமாக இருந்தது. பெயர் செல்வி என்று வைத்துக்கொள்வோம்.

"ஏனுங்க சார், ஒரு லெட்டர் பாத்துத் தர்றீங்களா? சரியா எழுதிருக்குதான்னு தெரியலீங்க."

நோட்டிலிருந்து கிழித்த தாள். மகன் வெளியூர் போய்த் தங்கிப் படிக்கவும் வேலை பழகவும் தனக்குச் சம்மதம் என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். பார்த்ததும் என் கை துறுதுறுத்தது. அனுப்புநர் இல்லை, பெறுநர் இல்லை, பொருள் இல்லை, பையனின் வயது இல்லை, தேதி இல்லை. இப்படி ஒரு காகிதத்தை நான் என் மேசையைத் தாண்ட விட்டதே கிடையாது.

"இது செல்லாதம்மா" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "ஐயோ, வியாழக்கெழம போறானுங்களே."

"நான் எழுதித் தருகிறேன்."

கோப்பிலிருந்து நல்ல வெள்ளைத் தாள் எடுத்தேன். முழுப் பக்கம் எழுதினேன். பையனின் பெயரைக் கேட்டேன்; பிரவீன் என்றார். வயது பதினைந்து. பயண நாள் வியாழக்கிழமை. எனது முழு மனதுடன், எவருடைய வற்புறுத்தலும் இன்றி. சாட்சிகள் இருவர். கடைசியில் என் பழக்கப்படி ஒரு கோடு போட்டு, அதன் கீழே 'பையனை அழைத்துச் செல்பவரின் பெயர், முழு முகவரி, அடையாள அட்டை எண், கையொப்பம்' என்று எழுதினேன்.

"இந்தக் கோட்டில் அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் லெட்டர் முழுமையாகாது."

"எழுதிருவாருங்க. தங்கமான மனுசரு. இந்தக் காலத்துல யாருங்க அடுத்தவன் புள்ளைக்குச் செய்யறாங்க?"

டீக்கடைக்காரரும் அங்கே நின்ற ஒரு லாரி ஓட்டுநரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். செல்வி கண் கலங்கிவிட்டார். பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான தன் லயத்துக்குக் கூட்டிப்போனார். தாயும் தகப்பனும் இலங்கையிலிருந்து வந்தவர்களாம். லயம் என்ற சொல்லும், தேத்தண்ணி என்ற சொல்லும், தேங்காய் போட்ட ரொட்டியும், இடித்த மிளகாய்ச் சம்பலும் அவர்களோடு கப்பலில் வந்தவை. பால் இல்லாத தேத்தண்ணியை ஒரு கையிலும் வெல்லத் துண்டை மறு கையிலும் தந்தார். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். நீலகிரியில் நான் குடித்த நல்ல தேநீர் அதுதான். சுவரில் பையனின் படம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் என்று பிறகு பலமுறை யோசித்தேன்.

திரும்பும் வழியில் இதை ரஃபீக்கிடம் சொல்லியிருக்கலாம். டாக்டரின் உத்தரவுப்படி சாலையையே பார்த்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் வந்தேன்.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு விடுதிக்குக் கீழே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மலை இட்லி சற்றுக் கனம். குளிரில் மாவு புளிக்க மறுக்கிறது. ரஃபீக் வந்து, தானும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். ஒரு தேயிலைத் தொழிலாளிக்கு நேற்று எப்படிப்பட்ட கடிதம் எழுதிக் கொடுத்தேன் என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"பையன் பேரு என்னங்க சார்?"

சொன்னேன்.

ரஃபீக் இட்லியை வைத்துவிட்டான். "அது நம்ம டாக்டருங்க சார்."

எனக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. அந்த நொடிகளுக்குள் அவன் பையனின் எண்ணை இரண்டு முறை அழைத்துவிட்டான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அடுத்து ஸ்டெல்லாவை அழைத்தான். "மேடம், டாக்டர் இன்னிக்குக் கெளம்பறான். அங்கிள்கூட. ஆமாங்க. கார் நம்பர் சொல்றேன், ஸ்டேஷனுக்கும் கொழந்தைங்க உதவி எண்ணுக்கும் சொல்லிருங்க." பிறகு எழுத்தும் எண்ணுமாக மடமடவென்று ஒப்பித்தான். எந்த அட்டையிலும் அந்த எண் இல்லை. நான் இழிவாகப் பேசிய அதே மண்டையில் இருந்தது.

ஸ்டெல்லா காவல் நிலையத்துக்குப் போக, நாங்கள் ஒரு ஜீப் பிடித்துச் செல்வியைப் பார்க்கப் புறப்பட்டோம். பாதி வழியில் ஜீப் நின்றது. சாலையின் குறுக்கே ஏழெட்டுக் காட்டெருமைகள். ஒவ்வொன்றும் ஒரு பீரோ அகலம். ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.

"ஹாரன் அடியுங்கள்" என்றேன்.

"அடிச்சா அது நம்மள அடிக்குமுங்க. பொறுங்க, அதுங்களுக்கா தோணும்போது போகும்."

திருச்சியில் மாடு மறித்தால் அதட்டலாம். இங்கே காத்திருந்தோம், பதினெட்டு நிமிடம். அந்தப் பதினெட்டு நிமிடமும் நான் எழுதிய கடிதம் வரி வரியாக நினைவுக்கு வந்தது. முழு மனதுடன். எவருடைய வற்புறுத்தலும் இன்றி. மகன் என்ற இடத்தில் மகள் என்று இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். யார் அவர், என்ன உறவு, எந்த ஊர், எந்தப் பள்ளி. பேனாவையே திறந்திருக்க மாட்டேன்.

செல்வி மலைச்சரிவில் இலை பறித்துக்கொண்டிருந்தார். பையன் ஆறரைக்கே காரில் போய்விட்டான் என்றார். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரஃபீக் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னான்.

"அப்படியெல்லாம் இருக்காதுங்க" என்றார் முதலில். பிறகு, "அவன் ஆம்பளப் புள்ளைங்களே" என்றார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

அந்தப் பகுதியில் இலை எடை போடும் கொட்டகையில் மட்டும்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். முதல் எடைக்கு வரிசையில் நின்ற பெண்கள் இருபது பேர் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். ஸ்டெல்லாவிடமிருந்து அழைப்பு வந்தது. மலையிறங்கும் வழியில் ஒரு சாவடியில் காரை நிறுத்தியிருக்கிறார்கள். வழியில் சாப்பிட்டுவிட்டு வந்ததால் கிடைத்தது. ஆனால் காவலர் விடப்போகிறார். ஸ்டெல்லா அவரையும் அழைப்பில் இணைத்தார்.

"சார், நான் எத வெச்சுங்க நிறுத்தறது?" என்றது காவலரின் குரல். "அம்மா சம்மதம் இருக்குது, ரெண்டு சாட்சி இருக்குது. பையனே இஷ்டப்பட்டுத்தான் போறேங்கறான். லெட்டர் பக்காவா இருக்குதுங்க. இவ்வளவு சுத்தமா நான் பாத்ததே இல்ல."

ரஃபீக் என்னைப் பார்த்தான். போனை வாங்கிக்கொண்டேன்.

"அதை எழுதியது நான்" என்றேன்.

"இந்தப் பெரியவராடி எழுதுனது?" என்று ஒரு பெண் கேட்டாள். "ஆப்பீசரு மாதிரி இருக்காரேன்னு நம்புனா பாரு" என்றாள் இன்னொருத்தி.

"நீங்க யாருங்க?" என்றார் காவலர்.

பதவியைச் சொன்னேன். ஓய்வு பெற்றதையும் சொன்னேன். "கடிதத்தின் கடைசியில் ஒரு கோடு இருக்கும். அழைத்துச் செல்பவரின் பெயர், முகவரி, அட்டை எண். எழுதியிருக்கிறதா?"

"இல்லீங்க. காலியா இருக்குது."

"அது காலியாக இருக்கும்வரை அந்தக் கடிதம் முழுமையானது அல்ல. உங்கள் முன்னால் அவரை எழுதச் சொல்லுங்கள். எழுதுவதை அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் பெயர் என்னவென்று பையனைத் தனியாகக் கேளுங்கள்."

திட்டமிட்டுத்தான் அந்தக் கோட்டைப் போட்டேன் என்று சொல்ல ஆசை. இல்லை. எல்லாக் கடிதத்திலும் போடுவேன். ஏன் போடுகிறேன் என்று நினைத்துப் பார்த்தே பல ஆண்டுகள் ஆகின்றன.

போனில் காற்றும் லாரி ஹாரனும் கேட்டன. தராசின் பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளை எடை எழுதுவதை நிறுத்திவிட்டார். செல்வி என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு கையில் யாரோ விட்டுப்போன சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

"சார்" என்று குரல் திரும்பி வந்தது. "மொதல்ல அட்டை ஊட்டுல இருக்குதுன்னாரு. அப்புறம் எடுத்தாரு. பையன் சொல்ற பேரு வேற, அட்டையில பேரு வேறங்க. கேட்டதும் கார எடுக்கப் பாத்தாரு. சாவி இப்ப எங்கிட்ட இருக்குது."

செல்வி அங்கேயே, இலைக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். கணக்குப்பிள்ளை இலை நசுங்குகிறது என்று சொல்ல வாயெடுத்தார். ஒரு பெண் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் உதகையில், குழந்தைகள் நலக் குழுவின் முன்னால். ரோஜாப் பூங்கா, ஏரி எல்லாம் இருக்கும் ஊர். நான் பார்த்தது ஒரு நீளமான தாழ்வாரமும் மூன்று பெஞ்சுகளும். பையனிடம் ஒரு பெண் உறுப்பினர் தனியறையில் பேசினார். அவன் என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்த மனிதரின் மேல் வழக்குப் பதிவாயிற்று என்பது மட்டும் தெரியும்.

பிறகு என் முறை. பிறருடைய வாக்குமூலங்களை ஆயிரக்கணக்கில் படித்திருக்கிறேன். மேசையின் இந்தப் பக்கம் உட்காருவது முதல் தடவை. தட்டச்சு செய்த பெண் பத்தி எண்களைத் தவறாகப் போட்டுக்கொண்டே வந்தார். நான் திருத்தவில்லை.

"பையனைப் பற்றியோ, கூட்டிப் போகிறவரைப் பற்றியோ அந்த அம்மாவிடம் ஏன் எதுவும் கேட்கவில்லை?" என்று தலைவர் கேட்டார். எனக்குப் பத்து வயது இளையவர். அவர் கேட்டது நியாயம்.

"ஆண் பிள்ளை என்பதால்."

அந்த மூன்று சொற்களைத் தட்டச்சு செய்ய அந்தப் பெண்ணுக்கு வெகு நேரம் ஆனது போல இருந்தது. கையெழுத்துப் போட்டேன். நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வெளியே பெஞ்சில் டாக்டர் உட்கார்ந்திருந்தான். காலில் ரப்பர் செருப்பு. ஷூவும் போனும் சாட்சியப் பொருள்களாகிவிட்டன. அவற்றுக்கு ரசீது கொடுத்திருந்தார்கள். செல்வி அதை மடித்து முந்தானையில் முடிந்திருந்தார்.

"போனப் புடுங்கிட்டாங்க" என்றான் சுவரைப் பார்த்தபடி. "எனக்கு வேலை வாங்கித் தர்றேன்னு சொன்னது அவரு ஒருத்தருதான். நீங்க என்ன தந்தீங்க?"

ரஃபீக் அவன் பக்கத்தில், எதிரே அல்ல, உட்கார்ந்து பன் ஒன்றைப் பிய்த்துப் பாதியை நீட்டினான். அவன் வாங்கவில்லை. ரஃபீக் நீட்டிய கையை மடக்கவும் இல்லை. கால் மணி நேரம் கழித்துப் பன் காணாமல் போயிருந்தது.

பையன் தாயிடமே இருக்கலாம், ரஃபீக் வாரந்தோறும் பார்த்து வர வேண்டும் என்று குழு உத்தரவிட்டது. படியிறங்கும்போது செல்வி கேட்டார்: "பொம்பளப் புள்ளையா இருந்தா நான் அனுப்பியிருப்பேனுங்களா சார்?"

"நானும் எழுதியிருக்க மாட்டேனம்மா" என்றேன்.

ஐந்து நாள் ஏழானது. சனியும் ஞாயிறும் ஸ்டெல்லாவின் அட்டைகளோடு உட்கார்ந்தேன். மஞ்சள் அட்டையில் இடைநிற்றல் அப்படியே இருக்கட்டும் என்றேன். அதற்குப் பின்னால் ஒரு தனிப் பதிவேடு: பெயர் கிடையாது, எண் மட்டும், சாவி ஸ்டெல்லாவிடம். ரஃபீக் மண்டையில் இருப்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். ரஃபீக் நாளைக்கே வேலையை விட்டால் அந்தக் கார் எண்ணை யார் ஒப்பிப்பார்கள்?

"எனக்குச் சொல்ல வராதுங்க சார்" என்றான்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். அவன் ஜன்னல் பக்கம், நான் சுவர் பக்கம். கேள்வி கேட்கவில்லை. பத்து நிமிடம் மழை பெய்வதைப் பார்த்தான். பிறகு சொல்லத் தொடங்கினான். இரண்டு நாளில் நாற்பது பக்கம் எழுதினேன். என் முப்பத்து நான்கு ஆண்டு உத்தியோகத்தில் ஒரு திருத்தமும் செய்யாமல் எழுதிய நாற்பது பக்கம்.

திங்கட்கிழமை ஊருக்குப் புறப்படுமுன் காலையில் மஞ்சூர் பஸ்ஸில் ஒரு நடை போய் வந்தேன். போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஓட்டுநருக்குப் பின் இருக்கை காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். பின்வரிசையில் பேச்சும் சிரிப்பும் கேட்டன. டாக்டர் எங்கோ வழியில் ஏறியிருக்க வேண்டும். நான் திரும்பவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு வளைவு தாங்கியது. மூன்றாவதில் நெற்றி வியர்த்து, காது அடைத்து, வாயில் தண்ணீர் ஊறியது.

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. அரை எலுமிச்சம்பழம். அதைத் தொடர்ந்து, நீலகிரி மாவட்டத்தில் முற்றிலும் தடை செய்யப்பட்ட பொருளான ஒரு பிளாஸ்டிக் பை.

"இதுக்கும் ஒரு லெட்டர் எழுதோணுமுங்களா?" என்றது பின்னாலிருந்து குரல்.

வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன். வாயைத் திறக்கிற நிலைமையில் நான் இல்லை.